வீட்டுக்கு அடியில் என்ன மண்? கலிபோர்னியாவில் விற்பவர் சொல்லியாக வேண்டும்

கலிபோர்னியாவில் வீடு வாங்கும்போது, அது நிலநடுக்க அபாய மண்டலத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது வாங்குபவரின் சட்டப்படியான உரிமை. அங்கே வீடு தேடும் நம்மவர்கள் இதை அவசியம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த உரிமை 1989 அக்டோபர் 17 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்துக்குப் பின் வந்தது. அளவு 6.9. மையம் சாண்டா குரூஸ் மலைப்பகுதி. ஆனால் சுமார் 100 கி.மீ. தள்ளி, சான் பிரான்சிஸ்கோவில் கடலோரத்தை நிரப்பி உருவாக்கிய மரீனா பகுதியில் வீடுகள் சரிந்தன. ஓக்லாந்தில் சைப்ரஸ் மேம்பாலம் இடிந்து 42 பேர் இறந்தார்கள். இடிந்தது இளகிய களிச்சேற்றின் மேல் நின்ற பகுதி. அதே பாலம் கெட்டி மண்ணில் நின்ற இடத்தில் விழவில்லை.

பாறையில் வேகமாக ஓடிவரும் நிலநடுக்க அலை, இளகிய மண்ணுக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, ஆட்டம் கூடுகிறது. தண்ணீர் ஊறிய தளர்ந்த மணலாக இருந்தால் இன்னும் மோசம். குலுக்கலில் மணலுக்குள் நீரழுத்தம் ஏறி, தரையே கூழாகிவிடும். இதைத்தான் மண் திரவமாதல் என்கிறார்கள்.

1990-ல் வந்த நிலநடுக்க அபாய வரைபடச் சட்டப்படி, மாநிலப் புவியியல் துறை திரவமாதல், நிலச்சரிவு மண்டலங்களை வரைந்து வெளியிடுகிறது. மண்டலத்துக்குள் புதிதாகக் கட்ட, மண் ஆய்வு அறிக்கை இல்லாமல் நகராட்சி அனுமதி தரக்கூடாது. இரண்டு மாடிக்கு மேற்படாத, மரச்சட்டத்தால் கட்டிய தனிவீட்டுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. அதனால் தனிவீடு வாங்குகிறவர் ‘யாரோ பார்த்திருப்பார்கள்’ என்று இருக்கக்கூடாது.

விற்பவர் தரும் இயற்கை அபாய அறிவிப்புப் படிவத்தில் ‘நிலநடுக்க அபாய மண்டலம்’ என்ற வரியைத் தேடுங்கள். நிலச்சரிவு, திரவமாதல், இல்லை என்ற கட்டங்களோடு ‘வரைபடம் இன்னும் வெளியாகவில்லை’ என்றும் ஒன்று இருக்கும். அதில் குறியிட்டிருந்தால் அந்த இடத்தை மாநிலம் இன்னும் வரையவில்லை என்றுதான் அர்த்தம். பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘இல்லை’ என்றிருந்தாலும் சரி, அங்கே ஆட்டம் அதிகமாக இருக்காது என்று அது சொல்லவில்லை. இந்த வரைபடங்கள் திரவமாதலையும் சரிவையும் மட்டுமே காட்டுகின்றன.

விலை பேசி ஒப்பந்தம் ஆனபிறகு படிவம் கைக்கு வந்தால், 3 நாளுக்குள் விலகலாம். தபாலில் அனுப்பியிருந்தால், அனுப்பியதிலிருந்து 5 நாள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். புவியியல் துறையின் ‘ஈக்யூ ஸாப்’ இணையதளத்தில் முகவரியைப் போட்டு இலவசமாகவே பார்த்துவிடலாம்.