ஏட்ரியல் ஃப்ளட்டர்: படபடப்பா, சிறகடிப்பா?

பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஏட்ரியல் ஃப்ளட்டர்’ என்று இருந்தது. அகராதியைப் பார்த்த தம்பி, “ஃப்ளட்டர்னா படபடப்பு” என்றான். “இவ்வளவுதானா, பரீட்சை ஹாலுக்குள்ள போனாலே எனக்கு வருமே” என்று ஒரு குரல். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் தப்பு.

படபடப்பு என்பது நமக்குள் தெரிகிற உணர்வு. பயத்தில் வரும், காபி கூடினால் வரும், ரத்தசோகையிலும் தைராய்டு கோளாறிலும் வரும். டாக்டர்கள் அதைப் பால்பிட்டேஷன் என்பார்கள். ஃப்ளட்டர் அப்படியல்ல, இதயத்தின் மேலறையில் வந்து இசிஜியில் பிடிபடும் நோய். படபடப்பே தெரியாமல் வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாக வருகிறவர்களுக்கும் அது இருக்கலாம். அதனால் படபடப்பை உணர்வுக்கே விட்டுவிட்டு, இந்த நோய்க்குத் தமிழில் வேறு பெயர் தேடுவோம்.

ஃப்ளட்டரின் வேர் பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ளோட்டெரியன்’. அலையில் தத்தளிப்பதையும் பறவை சிறகடிப்பதையும் குறித்த சொல். 1887-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இருந்த ஜான் மெக்வில்லியம், விலங்குகளின் இதய மேலறையில் மின்சாரம் செலுத்தியபோது அது வேகமாக அடித்துக்கொண்டதை இந்தச் சொல்லால் எழுதினார். 1911-இல் ஜாலி, ரிட்ச்சி என்ற இருவர் இதை மனிதருக்கு வரும் நோயின் பெயராக்கினார்கள். ஆகவே என் ஓட்டு ‘மேலறைச் சிறகடிப்பு’க்கு. சிறகடிப்பில் வேகமும் உண்டு, ஒழுங்கும் உண்டு.

அந்த ஒழுங்கு முக்கியம். வழக்கமான ஃப்ளட்டரில், வலது மேலறையில் மூவிதழ் வால்வைச் சுற்றி மின்தூண்டல் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும், நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று. சுற்றுக்கு ஒருமுறை மேலறை சுருங்கும். அத்தனையும் கீழறைக்குப் போனால் தாங்காது. இடையில் காவல் நிற்கும் ஏவி கணு பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் உள்ளே விடும். அதனால் நாடி 150. சும்மா உட்கார்ந்திருப்பவரின் நாடி அசையாமல் 150-இலேயே நின்றால் டாக்டர் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இசிஜியில் ரம்பப் பல் வரிசை தெரியும்.

இதன் உறவுக்காரன் ஃபைப்ரில்லேஷன். லத்தீனில் ஃபைப்ரில்லா என்றால் சிறு நார். மேலறைத் தசைநார்கள் ஒன்றுசேர்ந்து சுருங்காமல் ஆளுக்கொரு பக்கம் நடுங்கும், நாடியிலும் ஒழுங்கே இருக்காது. இதை ‘நார்நடுக்கம்’ எனலாம். இதே நடுக்கம் கீழறையில் வந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். உடனே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்தாக வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்கே ‘சீரற்ற இதயத்துடிப்பு’ என்று எழுதுகிறோம். கிரேக்க வேரின்படி அரித்மியா என்றால் தாளமின்மை, சரிதான். ஆனால் ஃப்ளட்டரில் பெரும்பாலும் தாளம் தப்புவதில்லை, காலப்பிரமாணம்தான், அதாவது வேகம்தான், ஓடிவிடுகிறது. ‘தாளப்பிசகு’ என்றால் தாளம் தப்புவதற்கும் வேகம் ஓடுவதற்கும் இடமிருக்கும்.

சரி, சிகிச்சை? நாடியை இறக்க பீட்டா பிளாக்கர், டில்டியாசெம் போன்ற மாத்திரைகள். மயக்க மருந்து கொடுத்து, அளந்த மின்னதிர்ச்சியால் துடிப்பைப் பழைய வழிக்குக் கொண்டுவருவதும் உண்டு. வழக்கமான ஃப்ளட்டருக்கு இன்று பலருக்கும் செய்வது அப்லேஷன்: தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய கதீட்டரை அனுப்பி, அந்தச் செக்குப் பாதையின் குறுகலான இடத்தைச் சுட்டு அறுத்துவிடுவார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் கிடைக்கிறது. ஆனால் சிலருக்குப் பிற்பாடு நார்நடுக்கம் வருவதுண்டு, அதில் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அதனால் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை, ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று தாமாக நிறுத்தக் கூடாது. பெரியப்பா நிறுத்தப் பார்த்தார்.

அப்புறம், ஏட்ரியம், அதாவது மேலறை. ரோமானியர் வீட்டில் கூரை திறந்து மழை விழும் நடுக்கூடம் அது, நம் முற்றம்போல. மேலறையைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ஆரிக்கிள் என்றும் சொல்லும். இலங்கைப் பாடநூலில் அது சோணையறை, காதுச் சோணையில் வரும் அதே சோணை. ஆரிக்கிளுக்கு லத்தீனில் ‘சிறு காது’ என்று பொருள். இன்று உடற்கூற்றியலில் ஆரிக்கிள் முழு அறையையும் குறிப்பதில்லை, அதன் ஓரத்தில் காது மடல்போல ஒட்டியிருக்கும் சின்னப் பையை மட்டும்தான். அறையை மேலறை என்று சொல்லிவிட்டு, சோணையை அந்தப் பைக்குக் கொடுத்துவிடலாம். நார்நடுக்கத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாவது பெரும்பாலும் இடது சோணையில்தான். அங்கிருந்து கழன்ற கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.