சாவி யார் கையில்? மலை தாண்டிப் போகிற பெரியவர்களுக்கான கழிப்பறை உரிமை

செங்கோட்டை, தென்காசிப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போகிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மறுநாள் விடியக் கிளம்ப வேண்டும் என்றால் முந்தின நாள் சாயங்காலமே பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். "வழியில எங்க போய் ஒதுங்க?" என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு பேருந்து நிலையத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவைப் பார்த்ததும், பிழைத்தோம் என்று அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். கதவில் பூட்டு. காசு வாங்குகிறவர், "கார்டு உண்டோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ அங்கே போய்க்கோ" என்று பக்கத்துக் கதவைக் காட்டினார். அங்கே இருந்தது தரையோடு பதித்த பழைய கோப்பை. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து ஆறு வருஷம் ஆகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பூட்டிய கதவின் இடுக்கில் பார்த்தால் உள்ளே விளக்குமாறும் பினாயில் கேனும் இருந்தன. ஊர் பெயர் வேண்டாம். மலைக்கு இந்தப் பக்கத்திலும் அதே பூட்டைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பேருந்து நிலையம், ரயில் நிலையம் எல்லாம் அதில் பெயர் சொல்லிப் பொதுக் கட்டடமாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 41-வது பிரிவு, அங்கே உள்ள கழிப்பறைகள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. பழைய கட்டடங்களைத் திருத்த, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து 5 ஆண்டு கொடுத்தார்கள். அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜீவ் ரதூரி வழக்கில், இந்த வசதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதி செல்லாது, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் கொண்டு வாருங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. சட்டம் இவ்வளவுதான். "இன்னும் டைம் இருக்கு சார்" என்று யாராவது சொன்னால் அந்த 2022-ஐ மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி அந்தக் கார்டு. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும் என்று கழிப்பறைக்காரர் நினைக்கிறார். நாமும் நம்பிவிடுகிறோம். வந்தவர் அட்டை காட்ட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிற கணக்கு வேலை இடஒதுக்கீடு, உதவித்தொகை மாதிரியான சலுகைகளுக்கானது. மாற்றுத்திறனாளி யார் என்று சட்டம் சொல்லும் இடத்தில் சதவீதமே கிடையாது. உடலில் நீண்டகாலக் குறை, அதனால் பொது இடத்தில் மற்றவர்களைப் போல் இயங்க முடியாத தடை, இவ்வளவுதான் கேட்கிறது. முட்டி தேய்ந்து ஆறு வருஷமாகக் குந்த முடியாத கிழவிக்கு முன்னால் தரைக்கோப்பையை மட்டும் வைத்தால், குறையும் தடையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

இது தெரியாமல் நடப்பதைக் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. மகன் அவரை மருத்துவக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். முதல் தடவை எலும்பு டாக்டர் வரவில்லை. இரண்டாம் தடவை எக்ஸ்ரே பழசு என்றார்கள். மூன்றாம் தடவை பார்த்துவிட்டு, "வயசானா வர்ற தேய்மானம், 40 வராது" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நடை ஆட்டோக் கூலியோடு, "நமக்கு உரிமை இல்லை" என்கிற எண்ணமும் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. அந்த எண்ணம்தான் தப்பு. வேறு சலுகைகளுக்காக அட்டை தேவை என்றால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். இந்தியா முழுக்கச் செல்லும், கேரளத்திலும் செல்லும். கழிப்பறைக்காக மட்டும் அதன் பின்னால் அலைய வேண்டாம். கையில் இருக்கிறவர்கள் சட்டைப்பையில் ஒரு ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குவாதம் சீக்கிரம் முடியும். ஒரிஜினலை மட்டும் அந்த ஈரக்கையில் கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு மகனோ அப்பாவுக்கு மகளோ துணை போகும்போது வேறொரு சங்கடம். பெண்கள் பக்கம் மகன் நுழைய முடியாது. ஆண்கள் பக்கம் மகள் நிற்க முடியாது. இதற்காகத்தான் மத்திய அரசின் வழிகாட்டுதல், இருபாலருக்கும் பொதுவாகத் தனி வாசலுடன் ஒரு அறை கேட்கிறது. துணையாளும் உள்ளே வரலாம். கதவு 900 மில்லிமீட்டர் அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது நகர்த்துகிற கதவாக இருக்க வேண்டும். உட்காரும் உயரம் 450-லிருந்து 480 மில்லிமீட்டர். பக்கத்தில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி. நிறைய இடங்களில் பெண்கள் பகுதிக்குள்ளேயே கடைசியாக ஒரு மேற்கத்திய கோப்பையை வைத்துவிட்டு வாசலில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிவிடுகிறார்கள். சரிவுப்பாதை இருக்கும், அது தொடங்குகிற இடத்தில் ஒரு படியும் இருக்கும். கதவு உள்பக்கம் திறக்கும், நாற்காலி உள்ளே போனால் சாத்த முடியாது. படத்தை நம்பாதீர்கள். பெரியவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்கள் முதலில் போய்க் கதவு, கம்பி, தண்ணீர்க் குழாய் மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். கைத்தடியின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஈர டைல்ஸில் வழுக்குவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்தது, இந்தக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்த சாவி. எல்லைப் பக்கத்தில் வசிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பேருந்து நிலையம் பெரும்பாலும் நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிச் சொத்து. அரசுப் போக்குவரத்துக் கழகம் அங்கே பஸ்ஸை நிறுத்துகிறது, அவ்வளவுதான். கழிப்பறை பற்றிக் கிளை மேலாளரிடம் மனு கொடுத்தால் அந்த மனு அங்கேயே பழுப்பேறும். கேரளத்தில் கதை வேறு. கேஎஸ்ஆர்டிசி, அதாவது கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் நிலையங்கள் அந்தக் கழகத்துக்கே சொந்தம். தனியார் பஸ்கள் நிற்கிற நிலையம் பெரும்பாலும் நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ சொந்தம். ஒரே ஊரில் இரண்டு நிலையம், இரண்டு முதலாளி. சாலையோரத்தில் 'டேக் எ பிரேக்' என்றோ 'வழியிடம்' என்றோ பலகை வைத்த கழிப்பறைகள் உள்ளாட்சிகளுடையவை. இந்தப் பாதையில் நான் பார்த்தவரை பஸ் நிலையத்தைவிட அவை சுத்தம். காப்பி குடிக்கிற சாக்கில் அங்கே நிறுத்தச் சொல்வது நல்லது.

ரயில் நிலையம் என்றால் மாநில எல்லையை மறந்துவிடுங்கள், எந்த ரயில்வே நிர்வாகக் கோட்டம் என்று பாருங்கள். புனலூர் கேரளத்தில் இருக்கிறது, ஆனால் மதுரைக் கோட்டத்துக்குள் வருகிறது. நாகர்கோவிலும் குழித்துறையும் தமிழ்நாட்டில் இருக்கின்றன, ஆனால் திருவனந்தபுரம் கோட்டத்துக்குள் வருகின்றன. புனலூர் நிலையக் குறையைத் திருவனந்தபுரத்துக்கு எழுதிவிட்டு மூன்று மாதம் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ரயில் பயணத்தில் இருக்கும்போதே என்றால் 139-க்கு அழைப்பது வேகம். பெட்டி எண்ணையும் அடுத்து வரும் நிலையத்தையும் முதலில் சொல்லுங்கள். பொதுவாக, மலை தாண்ட பஸ்ஸைவிட ரயில் மேல். குலுங்கினாலும் கழிப்பறை கூடவே வருகிறதே.

யாரிடம் போனாலும் கிடைக்கும் பதில்கள் மூன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், "அது நகராட்சி விஷயம்" என்னும். நகராட்சி, "குத்தகைக்கு விட்டாச்சு" என்னும். குத்தகைக்காரர், "நான் வசூலுக்குத்தான், அந்த ரூம் என் கணக்கில் இல்ல" என்பார். குத்தகைக்கு விட்டது வசூலை, கடமையை அல்ல. கட்டடம் யாருடையதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வாய்ச்சண்டையில் நேரத்தை வீணாக்காமல் பூட்டோடு கதவைப் படம் எடுங்கள். தேதி, நேரம், கட்டணப் பலகை, கொடுத்த காசு எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஆட்கள் முகம் படத்தில் வேண்டாம், அது வேறு தகராறு.

மனுவில் "ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்று முடிக்காதீர்கள். ஆவன செய்கிறோம் என்றே பதில் வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மூன்று விஷயம் கேளுங்கள்: அந்தக் கழிப்பறையின் குத்தகை ஒப்பந்த நகல், மாற்றுத்திறனாளி அறை பற்றி அதில் உள்ள நிபந்தனை, கடைசியாக ஆய்வு செய்த அதிகாரியின் பதவியும் தேதியும். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வருவதற்கு முன்பே பூட்டு திறந்த இடங்கள் உண்டு. ஆய்வுத் தேதி எழுத வேண்டும் என்றால் யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டுமல்லவா.

அதற்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். கதவு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில ஆணையருக்கு எழுத வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாநிலத்துக்கு அல்ல. இதில் தவறினால் உங்கள் கடிதம் எல்லையில் இருக்கும் ஆரியங்காவைத் தாண்டாது. விசாரணைக்கு ஆளை வரவழைக்க ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை கொடுத்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைச் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000-லிருந்து 5 லட்சம் வரை என்று 89-வது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு எண்ணை மனுவில் எழுதினால் படிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். கேரள அலுவலகங்களுக்கு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிப் போடுங்கள். தமிழ்க் கடிதம் மொழிபெயர்ப்புக்கென்று ஒரு மேசையில் தங்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1867-ஆம் ஆண்டின் சராய் சட்டப்படி எந்த ஓட்டலிலும், ஐந்து நட்சத்திர ஓட்டலானாலும், இலவசமாகக் கழிப்பறைக்குப் போகலாம் என்கிறார்களே, அதை நம்பி யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். வழிப்போக்கர் தங்குகிற சத்திரங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த வந்த சட்டம் அது. கழிப்பறை அவசரத்தில் நிற்கிற பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டல் காவலாளியிடம் சட்டம் பேசுவது நடக்கிற காரியமா? ஒரு டீ சொல்லிவிட்டுக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் விடுகிறார்கள்.

பெட்ரோல் பங்க் விஷயத்தில் கேரளப் பக்கம் 2025-இல் உரிமையாளர்கள் உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். பங்க் கழிப்பறையைப் பொதுக் கழிப்பறையாக நடத்தக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று ஜூனில் ஓர் இடைக்கால உத்தரவு வந்து, பிறகு அது திருத்தப்பட்டது. அந்தச் சட்டச் சிக்கல் நமக்கு எதற்கு? பெட்ரோல் போட்டுவிட்டு வாடிக்கையாளராகக் கேளுங்கள். டாக்ஸியில் போனால், டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லி, பெட்ரோலைப் பாதி வழியில் போட வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிக் கழிப்பறை பூட்டியிருந்தால் 1033-க்கு அழைக்கலாம். அவசரத்துக்கு என் அனுபவத்தில் நல்லது ஊருக்குள் இருக்கும் பெரிய ஜவுளிக்கடை. லிஃப்ட் உண்டு, மேற்கத்திய கோப்பை உண்டு, பெண் ஊழியர்களும் இருப்பார்கள். "அம்மாவுக்கு முடியல" என்ற ஒரு சொல் அங்கே அட்டையைவிட வேலை செய்கிறது.

இன்னொன்று, ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா. 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திராவின் நெல்லூரில் தொடங்கிய மத்தியத் திட்டம். 60 வயது தாண்டி, வறுமைக்கோட்டுக்குக் கீழோ மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள்ளோ இருந்தால் கைத்தடி, வாக்கர், கழிப்பறை வசதியுள்ள நாற்காலி போன்றவை இலவசம். பெரும்பாலும் முகாம் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். பெரியவர்கள் கூச்சப்பட்டு முகாமில் "கம்பு போதும்யா" என்று சொல்லிவிடுவார்கள். கம்பு மட்டும் வரும். கூடப் போகிறவர்தான் "கக்கூஸ் நாற்காலி வேணும்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அது வீட்டுக்குத்தான், பயணத்துக்குத் தூக்க முடியாது. பயணத்துக்கு என்றால் சர்ஜிக்கல் கடையில் மடக்குகிற ஸ்டூல் கிடைக்கும். நடுவில் ஓட்டையுள்ள இருக்கை, தரைக்கோப்பைக்கு மேல் விரித்து வைக்கலாம். வாங்கும்போது கடையிலேயே உட்கார வைத்துப் பாருங்கள், கால் அகன்று வழுக்குகிறதா என்று.

தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பழக்கத்தால், போகிற இடத்தில் தலைசுற்றி விழுந்தவர்களும் நீர்க்கடுப்போடு திரும்பியவர்களும் எங்கள் ஊரில் உண்டு. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாளில் அதைத் தாமாக நிறுத்தாமல், எந்த நேரத்துக்கு மாற்றிப் போடலாம் என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு அன்றைக்கு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? கூட்டுகிற அம்மா ஒருத்தி வந்தாள். மலையாளமும் தமிழும் கலந்து என்னைத் திட்டிவிட்டு, எதிர்த்த டீக்கடையில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து திறந்தாள். விளக்குமாறுகளை வெளியே போட்டு, தண்ணீர் அடித்து, அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். பிடிக்கக் கம்பி இல்லை. அவள் தோளைப் பிடித்துத்தான் அம்மா எழுந்திருக்க வேண்டியிருந்தது. குத்தகை நகல் கேட்டு நான் போட்ட மனுவுக்கு 27-ஆம் நாள் பதில் வந்தது. இப்போது கம்பி மாட்டியிருக்கிறார்கள், ஒரு பக்கம் மட்டும். சாவி இன்னும் டீக்கடையில்தான் இருக்கிறது.