படுக்க மறுக்கும் பூச்சதுரம்

வாசகி ஒருவர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். இரண்டுமே நடுவில் பூ வைத்த கிரானி ஸ்கொயர், அதாவது கொக்கி ஊசியால் நூலில் போடும் குரோஷாச் சதுரம். ஒன்று ஓரத்தைத் தூக்கிக்கொண்டு கிண்ணமாக நிற்கிறது. இன்னொன்றின் ஓரமெல்லாம் அலை அலையாக மடிந்து கிடக்கிறது. “ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே கை. வீடியோவைப் பார்த்துத்தான் போட்டேன். இஸ்திரி போட்டும் பார்த்துவிட்டேன், மேசையில் படுக்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?” என்பது கேள்வி.

இஸ்திரியால் அது ஏன் முடியாது என்பதற்கு ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-லேயே பதில் சொல்லிவிட்டார். குரோஷாவைப் பற்றி அல்ல, வளைந்த பரப்புகளைப் பற்றிப் பொதுவாக.

குரோஷா போடாதவர்களுக்கு நாலு வரி. கொக்கி முனை கொண்ட ஓர் ஊசி, ஒரு நூல். வளையத்துக்குள் வளையம் இழுத்தால் செயின். அதன்மேல் எழுப்பும் கண்ணிகளில் குட்டையானது சிங்கிள் குரோஷா, அடுத்தது டபுள், அதைவிட உயரம் டிரிபிள். சாதாரண கிரானி ஸ்கொயர் என்பது மும்மூன்று டபுள் குரோஷாக்களைக் கொத்தாகப் போட்டுக்கொண்டு நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வருவது. நான்கு மூலையிலும் ஒரே இடத்தில் இரண்டு கொத்து. அமெரிக்காவின் ‘ப்ரெய்ரி ஃபார்மர்’ இதழ் 1885-லேயே இதன் செய்முறையை அச்சிட்டிருக்கிறது. சென்னையில் 2016-இல் நாடெங்குமிருந்து பெண்கள் போட்டு அனுப்பிய சதுரங்களை இணைத்து 11,000 சதுர மீட்டருக்கும் மேலான போர்வையாக்கி கின்னஸில் இடம்பிடித்தார்கள். அத்தனையும் தரையில் தட்டையாகப் படுத்திருந்தால்தான் அளக்கவே முடியும். ஆக, வாசகியின் தொல்லை சின்னத் தொல்லை இல்லை.

இனி கணக்கு. பள்ளியில் படித்ததுதான்: வட்டத்தின் சுற்றளவு 2πr. ஆரம் h அளவு கூடினால் சுற்றளவு 2πh, அதாவது ஏறக்குறைய 6.28h கூடும். வட்டம் ஏற்கெனவே எவ்வளவு பெரிது என்பது பொருட்டே இல்லை. முதல் சுற்றிலும் ஐம்பதாவது சுற்றிலும் அதே 6.28h. குரோஷாவில் ஒரு சுற்று போட்டால் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவு கூடும், அதுதான் இந்த h. சிங்கிள் குரோஷாவின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட சமம். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் 6 கண்ணி கூட்டினால் தட்டையாக இருக்கும். டபுள் குரோஷா அகலத்தைப் போல் இரண்டு மடங்கு உயரம், ஆகவே 12. டிரிபிள் மூன்று மடங்கு, ஆகவே 18. குரோஷா போடுகிறவர்கள் 6, 12, 18 என்று மனப்பாடமாகச் சொல்வது எல்லாம் π-யின் பெருக்கல் வாய்ப்பாடுதான்.

குறைவாகக் கூட்டினால் சுற்றுக்கு நீளம் போதாது, ஓரம் உள்ளே இழுக்கும், கிண்ணம் வரும். அதிகமாகக் கூட்டினால் மிச்ச நீளம் போக இடமில்லாமல் மேலும் கீழும் நெளியும். வீடியோ அமெரிக்கப் பெயரிலும் கையிலுள்ள புத்தகம் பிரிட்டிஷ் பெயரிலும் இருந்தால் இந்த விபத்து கட்டாயம் நடக்கும். பிரிட்டனில் டபுள் குரோஷா என்றால் அமெரிக்கச் சிங்கிள். சுற்றுக்கு 6 கூட்டச் சொன்ன இடத்தில் உயரமான கண்ணியைப் போட்டு வைத்தால் கிண்ணம்தான் கிடைக்கும்.

சதுரத்துக்கு π வேண்டாம். மையத்திலிருந்து பக்கத்தின் நடுவுக்கு உள்ள தூரம் a என்றால் சுற்றளவு 8a. அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் 8h கூட வேண்டும். டபுள் குரோஷாவுக்கு h இரண்டு கண்ணி அகலம், எனவே 16. இப்போது சாதாரண கிரானி ஸ்கொயரை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துக்கு ஒரு கொத்து கூடுகிறது: மூன்று டபுள் குரோஷா, கொத்துகளுக்கு நடுவே ஒரு செயின், ஆக நான்கு. நான்கு பக்கத்துக்கும் சேர்த்து 16! இதை முதலில் வகுத்துப் போட்டவர் எந்தச் சூத்திரத்தையும் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தே இந்த எண்ணுக்கு வந்திருப்பார். (சிலர் அந்த நடுச் செயினை விடுவார்கள். கொத்துகளுக்கு இடையே தானாக விழும் இடைவெளி ஓரளவு அதற்கு ஈடுகட்டும்.)

இதுவரை எளிது. எனக்கு ஆசை தீராத இடம் இனிமேல்தான்: நடுவில் பூ வந்து உட்காரும்போது என்ன ஆகிறது?

ஓர் இதழைக் கவனியுங்கள். மூன்று, நான்கு செயின் நீள வளையத்துக்குள் ஒரு சிங்கிள், ஒரு அரை டபுள் (சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரம்), மூன்று டபுள், மறுபடி அரை டபுள், சிங்கிள் என்று ஏழு கண்ணி திணிக்கிறோம். கீழே நாலு கண்ணி அகலம், மேலே விசிறியாக விரியும் ஏழு. வெளி ஓரம் வட்டத்துக்குத் தேவையானதைவிட மிக நீளம். கணக்குப்படி பூ முழுக்க நெளிந்து போக வேண்டும். பல பூக்கள் ஓரளவுக்கு அடங்கிக் கிடக்கக் காரணம், இதழுக்கும் இதழுக்கும் நடுவே உள்ள பிளவு. நீளம் தொடர்ச்சியாக ஓடினால் நெளிவாகும், பிளந்துவிட்டால் இதழின் வெளிக்கோடாகிவிடும். இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு ரோஜா இன்னும் சாமர்த்தியம். அதில் இதழ்களின் முதுகுக்குப் பின்னால் செயின் வளையங்கள் ஓடுகின்றன. அடுத்த அடுக்கு அந்த வளையத்தின் மேல்தான் எழும்புகிறது, முந்தின அடுக்கின் இதழ் நுனியில் அல்ல. சுற்றளவுக் கணக்கைப் பின்னால் ஓடும் செயின் காப்பாற்றிக்கொள்ள, இதழ்கள் முன்னால் இஷ்டத்துக்குச் சுருண்டு கொள்கின்றன. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் வயிற்றுப்பாட்டுக்காகப் போட்ட லேஸில் இந்த அடுக்கு ரோஜாதான் கொடி கட்டிப் பறந்தது. பட்டினியிலும் இவ்வளவு நுட்பம்.

கடைசி அடுக்கின் வளையங்கள் இன்னும் வட்டத்தில்தான் இருக்கின்றன. அதைச் சதுரமாக்கும் ஒரு சுற்று வேண்டும். இதில்தான் பாதிப் பேர் தடுக்குவார்கள். சதுரத்தின் மூலை, பக்கத்தின் நடுவைவிட √2 மடங்கு, அதாவது 41 சதவீதம் அதிகத் தூரத்தில் இருக்கிறது. பூவின் ஆரம் 3 செ.மீ., பக்க நடுவில் அரை செ.மீ. உயரச் சிங்கிள் குரோஷா என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடு 3.5 செ.மீ. தூரம் என்றால் மூலை 4.95 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். பூவின் விளிம்பிலிருந்து மூலைக்கு 1.95 செ.மீ. அதே சுற்றில், ஓரிடத்தில் அரை செ.மீ., இன்னோரிடத்தில் அதைப் போல் நாலு மடங்கு! அதனால்தான் அந்த ஒரு சுற்றில் மட்டும் சிங்கிள், அரை டபுள், டபுள், டிரிபிள் என்று படியேறிப் போய், மூலையில் இரண்டு செயின் விட்டு, அதே படியில் இறங்கி வரச் சொல்கிறார்கள். மூலையில் சாதாரண டபுள் குரோஷாவோடு நிறுத்தினால் மூலை எட்டாது, நான்கு மூலையும் உள்ளிழுத்துத் துணி குவியும்.

பூ பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெரிதாகும். 6 செ.மீ. ஆரத்தில் பூவை வளரவிட்டுப் பிறகு சதுரமாக்கப் பார்த்தால் மூலைக்கு 3 செ.மீ.-க்கு மேல் உயரமான கண்ணி வேண்டும். அப்படி ஒன்றைப் போட்டால் நூல் தொளதொளவென்று தொங்கும். பூ சின்னதாக இருக்கும்போதே சதுரத்துக்கு மாறுவது நல்லது, இல்லையென்றால் இரண்டு மூன்று சுற்றில் பங்கு போட வேண்டும்.

எட்டு இதழ் அதிகம் தென்படுவதும் மூலைகளால்தான். எட்டை நான்கால் வகுக்கலாம். ஓர் இதழ் மூலைக்கு, அடுத்தது பக்கத்தின் நடுவுக்கு. ஆறு இதழ் பிடித்தவர்கள் முதுகு வளையத்தை மட்டும் எட்டாக்கிக்கொண்டு சமாளிப்பார்கள். ஐந்து இதழைச் சதுரத்தில் உட்கார வைப்பது பெரும்பாடு. எட்டிதழுக்கு அஷ்டலட்சுமியையும் ஐந்திதழுக்கு ஃபிபனாச்சியின் தெய்வீக எண்ணையும் கொண்டுவந்து வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஐந்தை நான்கால் வகுத்துக் காட்டச் சொல்வேன்.

இனி காஸ். அவர் நிறுவியது இது: ஒரு பரப்பை இழுக்காமல், கிழிக்காமல் எப்படி மடக்கினாலும் அதன் உள்ளார்ந்த வளைவு மாறாது. அந்த வளைவைப் பரப்பை விட்டு வெளியே வராமலே அளந்துவிடலாம், ஆரத்தையும் சுற்றளவையும் ஒப்பிட்டால் போதும். பூமியையே எடுத்துக்கொள்ளுங்கள். வட துருவத்தை மையமாக வைத்துத் தரைவழியே 10,000 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால் அது நிலநடுக்கோடு. தட்டைப் பரப்பில் அந்த வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 62,800 கி.மீ. இருக்க வேண்டும். இருப்பதோ 40,000 தான். குறைகிற அந்த நீளம்தான் பூமியின் உருண்டை. வாசகியின் கிண்ணத்திலும் இதே பற்றாக்குறைதான். இஸ்திரிப் பெட்டி துணியை அமுக்குமே தவிர, இல்லாத கண்ணியைக் கொண்டுவந்து சேர்க்காது.

ஒன்று மட்டும் செய்யலாம்: இழுக்கலாம். கம்பளி நூல் நனைந்தால் அதன் கெரட்டின் என்ற புரத இழைகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும். குண்டூசி குத்தி விரித்து உலர்த்தினால் புது நிலையில் மறுபடி பிணைந்துகொள்ளும். சின்னப் பிழை இதில் மறையும். நம் கடைகளில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது தண்ணீருக்கு மசியாது. ஆவி காட்டினால் மசியும், ஆனால் அதன் துள்ளல் திரும்பி வராது.

பற்றாக்குறைக்கு எதிர்ப்பக்கம், மிச்ச நீளம், இன்னும் சுவையானது. அந்தப் பரப்பை அதிபரவளையத் தளம் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர்கள் லோபசெவ்ஸ்கியும் போல்யாயும் தாளில் கணக்காக எழுதிவைத்ததைக் கையில் பிடித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. காகித மாதிரிகள் செய்தார்கள், அவை கிழிந்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாட்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா 1997-இல் அதைக் குரோஷாவில் போட்டார். முதலில் ஸ்வெட்டர் ஊசியில் முயன்றிருக்கிறார். அதில் வரிசையின் எல்லாக் கண்ணியும் ஊசியிலேயே நிற்க வேண்டும், கட்டுக்கடங்கவில்லை. குரோஷாவில் எப்போதும் ஊசியில் தொங்குவது ஒரே வளையம். அவருடைய விதி ஒரு வரிதான்: குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிக்கு ஒருமுறை ஒன்று கூட்டு. ஐந்துக்கு ஒன்று கூட்டினால் ஒவ்வொரு வரிசையும் முந்தினதைப் போல் 1.2 மடங்கு. 20 கண்ணியில் தொடங்கினால் இருபது வரிசை கழித்து 760-ஐத் தாண்டும். கை வலிக்கும், ஆனால் ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி அள்ளிக்கொண்டு நிற்கும்.

நிஜப் பூக்களும் இதே கணக்கில்தான் நெளிகின்றன. நம் மாநில மலரான செங்காந்தளின் இதழோரத்தைப் பார்த்தால் புரியும். 2003-இல் உத்பல் நாத்தும் எனரிகோ கோயனும் சகாக்களும் ஸ்னாப்டிராகன் செடியில் ஒரு மரபணுவை ஆராய்ந்தார்கள். அது பழுதானால் இலையோரச் செல்கள் நேரத்தோடு நிற்காமல் பெருகிக்கொண்டே போகின்றன. தட்டையாக இருக்க வேண்டிய இலை ஓரம் சுருண்டு நெளிகிறது. கண்ணி கூட்டுவதை நிறுத்த மறந்த கை! உத்பல் நாத் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பணியாற்றும் எல். மகாதேவனும் ஹையி லியாங்கும் 2011-இல் லில்லி மொட்டு எப்படி விரிகிறது என்று பார்த்தார்கள். நடு நரம்புதான் தள்ளித் திறக்கிறது என்று பலர் எண்ணியிருக்க, இதழோரம் நடுவைவிட அதிகம் வளர்வதே முக்கிய விசை என்று காட்டினார்கள். ஓரத்து நெளிவு அதன் தடயம்.

பூ விரிவதை ஆராய மக்கள் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் எதிர்க்கேள்விதான் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் எலிசபெட்டா மட்சுமோட்டோ என்ற இயற்பியலாளர், பின்னலில் எந்தக் கண்ணியை எங்கே வைத்தால் துணி எவ்வளவு இழுபடும் என்று கணித்துக்கொண்டிருக்கிறார். பனியனும் டி-ஷர்ட்டும் பின்னல் துணிதான். உலகத்துக்கே அவற்றைத் தைத்து அனுப்பும் திருப்பூருக்குப் பக்கத்தில், கண்ணியின் இயற்பியலுக்கென்று நான்கு ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை ஒதுக்குவது என்ன பெரிய செலவு?