புழுத்தூளில் எவ்வளவு புரதம்? முட்டைக்கோழித் தீவனத்தின் உண்மைக் கணக்கு

பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவை உலர்த்தி அரைத்த தூள், முட்டைக்கோழித் தீவனத்தில் சோயா புண்ணாக்கின் ஒரு பங்கை ஈடுகட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் கோழித் தீவனத்துக்கு இதை அனுமதித்தது. ஆனால் முழுதாக மாற்றுவது சரிவராது. இத்தாலியில் 24 முதல் 45 வார வயது வரை சோயாவே இல்லாமல் புழுத்தூள் கொடுத்த கோழிகள் தீனி குறைவாக எடுத்தன. முட்டை எண்ணிக்கையும் எடையும் குறைந்தன.

முதல் சிக்கல் புரதக் கணக்கில் இருக்கிறது. ஆய்வகம் நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதித் தருகிறது. புழுத்தோலைக் கெட்டியாக்கும் கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் உண்டு. அது புரதமல்ல, கோழிக்குச் சரியாகச் செரிப்பதும் இல்லை. எண்ணெய் பிழியாத தூளில் நைட்ரஜன் 7% என்றால் அறிக்கையில் 43.75% புரதம் என்று வரும். முழுப்புழுவுக்குப் பொருந்தும் 4.76-ஆல் பெருக்கினால் 33% தான். எனவே புரதத்தின் கூறுகளான லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களில் செரிக்கக்கூடிய அளவுகளை வைத்தே கலவை போட வேண்டும். மெத்தியோனின் பெரும்பாலும் பற்றாது. தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது கொழுப்பு. 30% கொழுப்புள்ள தூளை 100 கிலோ தீவனத்தில் 10 கிலோ போட்டால் 3 கிலோ கொழுப்பு சேரும். எரிசக்தி கூடினால் கோழி தீனியைக் குறைத்துக்கொள்ளும். தினம் 110 கிராம் தின்றது 100 கிராமுக்கு இறங்கினால், 4% கால்சியத் தீவனத்தில் 4.4 கிராம் கிடைத்த இடத்தில் 4 கிராம்தான் கிடைக்கும், ஓடு மெலியும். வழக்கமாகச் சேர்க்கும் எண்ணெயை அந்த அளவுக்குக் குறையுங்கள், அல்லது எண்ணெய் பிழிந்த தூளை வாங்குங்கள்.

இந்தப் புழு தோலில் சுண்ணாம்பைச் சேமிப்பதால் தூளில் கால்சியமும் அதிகம். 6% இருந்தால் அந்த 10 கிலோவில் 600 கிராம். 38% கால்சியமுள்ள சுண்ணாம்புக்கல்லில் சுமார் 1.6 கிலோவைக் குறைக்கலாம். குறைப்பதைச் சுண்ணாம்புப் பொடியில் குறையுங்கள். கிளிஞ்சல், கல் குருணையில் கை வைக்காதீர்கள். ஓடு உருவாகும் இரவில் இரைப்பையில் தங்கி மெல்லக் கரைவது குருணைதான்.

புழு கருப்பதற்கு முன் அறுவடை செய்ய வேண்டும். கருத்ததில் கைட்டின் கூடிவிடும். கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கி, 60 டிகிரி செல்சியஸில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்துங்கள். 100 கிலோ பச்சைப் புழுவுக்கு 30 முதல் 40 கிலோ காய்ந்த புழு தேறும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் படும் இடத்தில் வைத்தால் கொழுப்பு சிக்குவாடை அடித்து, கோழி தூளை ஒதுக்கும்.

தூள் வாங்குபவர்கள் புழு எதைத் தின்று வளர்ந்தது என்று கட்டாயம் கேட்க வேண்டும். தீனியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் இந்தப் புழு அதை உடலில் செறிவாகச் சேர்த்துக்கொள்ளும். உலர்த்தினாலும் கொதிக்கவைத்தாலும் அது போகாது.