திருப்பிச் சொருகினால் மட்டும் சார்ஜ் ஏறுவது ஏன்?

“அண்ணாச்சி, புதுசா ரெண்டு முனையும் சி டைப்பா உள்ள சார்ஜர் வாங்கினேன். சொருவினா ஏற மாட்டேங்கு. அதே வயரைத் திருப்பிச் சொருவினா ஏறுது. வீட்டுல கெடந்த பழைய சார்ஜர்ல எப்படிச் சொருவினாலும் ஏறுது, ஆனா விடிய விடிய ஆவுது. கடையில சார்ஜிங் பின் போயிட்டு, மாத்தணும்ங்காங்க. மாத்தவா?” ராதாபுரம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். திருப்பினால் ஏறுகிறது என்று அவர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது.

வழக்கமான சந்தேகங்களை முதலில் தள்ளிவிடுவோம். ஊரில் கரண்ட் லோ வோல்டேஜ் என்பது காரணமில்லை. இன்றைய சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடும். சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில் கிடந்த போன் சார்ஜ் ஏறாவிட்டால் அது பழுதில்லை. பேட்டரியின் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால் போனே சார்ஜை நிறுத்திவிடும். 80 சதவீதத்துக்கு மேல் ஆமை வேகம் என்றால் அதுவும் இயல்பு. வயர் மட்டும் உண்மையான குற்றவாளியாக இருக்கலாம். மலிவான வயருக்குள் இருப்பது பெரும்பாலும் 28 கேஜ் என்னும் மெல்லிய செம்புக் கம்பி. மீட்டருக்கு 0.21 ஓம் தடை. ஒரு மீட்டர் வயரில் மின்சாரம் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆக 0.43 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 5 வோல்ட் புறப்பட்ட இடத்தில் 4.15 வோல்ட்தான் வந்து சேரும். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் பேட்டரியை அதைக்கொண்டு நிரப்ப முடியாது. எனவே போன் தான் இழுக்கும் ஆம்பியரைக் குறைத்துக்கொள்கிறது, நேரம் நீள்கிறது. தடிமனான, குட்டையான வயரைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் திருப்பினால் ஏறும் வயரில் கம்பி அறுந்திருக்க வாய்ப்புக் குறைவு. குறை போனின் ஓட்டைக்குள்தான். அங்கே நடப்பது கொஞ்சம் ரசமான விஷயம்.

சி டைப் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு நாக்கு தெரியும். கனம் 0.7 மில்லிமீட்டர். மேலே 12, கீழே 12 என்று மொத்தம் 24 பின்களுக்கு அதில் இடம். பல போன்களில் 16 பின்தான் பொருத்தியிருப்பார்கள். குறைகிறதே என்று பதற வேண்டாம். இரு பக்கமும் ஒரே வரிசை தலைகீழாக அமைந்திருப்பதால்தான் எப்படிச் சொருகினாலும் உள்ளே போகிறது.

இந்தப் பின்களில் சிசி என்று ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக உண்டு. பேச்சுவார்த்தை முழுவதும் அதன் வழியாகத்தான். இருமுனை சி டைப் சார்ஜரின் வாயில் சும்மா இருக்கும்போது மின்சாரமே கிடையாது. பழைய சார்ஜர் மாதிரி 5 வோல்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அது காத்திருப்பதில்லை. எதிர்ப்பக்கம் போன் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் திறக்கும். உறுதிப்படுத்துவது எப்படி? போனுக்குள் ஒவ்வொரு சிசி பின்னுக்கும் பின்னால் 5,100 ஓம் தடை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சார்ஜர் தன் பக்கத்திலிருந்து இன்னொரு தடை வழியாக 5 வோல்ட்டை அந்தக் கம்பியில் மெல்லத் தட்டிப் பார்க்கிறது. இரண்டு தடைகளுக்கும் நடுவில் வோல்டேஜ் பங்கு பிரிகிறது. சார்ஜர் பக்கம் 10,000 ஓம் என்றால் நடுவில் 1.69 வோல்ட், 22,000 என்றால் 0.94, 56,000 என்றால் 0.42. போன் இந்த எண்ணைப் படித்து, ‘இவரிடம் 3 ஆம்பியர் கேட்கலாம், இவரிடம் ஒன்றரைதான், இவர் ஏழை’ என்று தெரிந்துகொள்கிறது.

மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலை அழுத்தி விலை பேசுவார்களே, அதே கதைதான். வாயைத் திறப்பதில்லை; விரல் சொல்வதை விரல் புரிந்துகொள்ளும். பிளஸ் டூ செய்முறையில் மீட்டர் பிரிட்ஜை வைத்துக்கொண்டு தெரியாத தடையைக் கண்டுபிடிக்கிறோம். வீட்டுச் சார்ஜரும் தினமும் தெரியாத ஒரு தடையைத்தான் அளக்கிறது என்று அந்த வகுப்பில் ஒரு வரி சொன்னால் எத்தனை பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும்! சொல்வதில்லை.

வயருக்குள் சிசி கம்பி ஒன்றே ஒன்று. நேராகச் சொருகினால் அது நாக்கின் ஒரு பக்கத்துச் சிசி பின்னைத் தொடும். திருப்பினால் மறு பக்கத்ததை. வாசகரின் போனில் ஒரு பக்கத்துச் சிசி தொடவில்லை. தொடாவிட்டால் 5,100 ஓம் தெரியாது. தெரியாவிட்டால் சார்ஜர் திறக்காது. பழைய சார்ஜர் வயரிலோ 5 வோல்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால் பல போன்கள் கிடைத்ததை வாங்கிக்கொள்ளும். பேச்சுவார்த்தை ஒழுங்காக நடக்காதபோது பாதுகாப்புக்காக அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் மட்டும் எடுக்கும். 5,000 எம்ஏஎச் பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல் உண்டு. வகுத்துப் பாருங்கள், எட்டு மணி நேரம். விடிய விடியத்தான்.

சரி, சிசி மட்டும் ஏன் தொடவில்லை? மின்சாரப் பின்களும், மின்சாரம் திரும்பிப் போகும் தரைப் பின்களும் நாக்கின் நுனிப்பக்கம் நீண்டிருக்கும்; சிசியும் மற்ற சிக்னல் பின்களும் அவற்றைவிடக் குட்டை. சொருகும்போது மின்சாரப் பின்கள் முதலில் சேரும், சிசி கடைசியில். கழற்றும்போது சிசி முதலில் விடும். சார்ஜருக்கு ‘மூடு’ என்று சேதி போகும். அழகான ஏற்பாடு. ஆனால் ஓட்டையின் அடியில் பஞ்சு சேர்ந்து, முனை அரை மில்லிமீட்டர் குறைவாக உள்ளே போனாலும் முதலில் கைவிடப்படுவது சிசிதான்.

பஞ்சு என்றால் பஞ்சு மட்டுமில்லை. வேட்டி மடியின் நூல், சட்டைப் பையில் கோயில் விபூதிப் பொட்டலம் சிந்தியது, முக்கூடல் பக்கம் என்றால் பீடித் தூள், ஆனி ஆடிக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மண். ஒவ்வொரு முறை சொருகும்போதும் முனை அதை அடியில் இடித்து இடித்துக் கம்பளி மாதிரி ஆக்கிவிடும். இரு பக்கமும் ஒரே அளவில் படிவதில்லை. அதனால்தான் திருப்பினால் வித்தியாசம். முனை ‘டக்’கென்று உட்காராமல், லேசாகத் தொட்டாலே ஆடினால், அல்லது இரும்புப் பகுதி கொஞ்சம் வெளியே தெரிந்தால், அடியில் கம்பளி இருக்கிறது.

சுத்தம் செய்ய நம் வீட்டிலேயே நல்ல கருவி உண்டு: காய்ந்த தென்னை ஈர்க்கு. புது விளக்குமாற்றிலிருந்து உருவியது. பெருக்கிய விளக்குமாறு வேண்டாம். நாக்குக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 0.9 மில்லிமீட்டர்தான். எனவே நுனியைப் பிளேடால் தட்டையாகச் சீவி அதைவிட மெலிதாக்க வேண்டும். பல்குத்தும் குச்சி அப்படியே நுழையாது; அதையும் சீவத்தான் வேண்டும். போனை அணைத்து, ஓட்டை கீழே பார்க்கப் பிடித்து, ஈர்க்கை வெளிச்சுவரை ஒட்டியே அடிவரை விட்டு, மூலையிலிருந்து வெளியே வாருங்கள். குத்தக் கூடாது, நாக்கை நெம்பக் கூடாது. இரண்டு ஓர வளைவுகளில்தான் கம்பளி பிடி வைத்திருக்கும். அங்கே நாலைந்து முறை வாரினால் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு முழுசாக வந்து விழும். பார்த்தால் இவ்வளவா என்றிருக்கும். பக்கத்தில் ஊசிமுனை அளவில் இருக்கும் ஓட்டை மைக். அதற்குள் கை வைக்காதீர்கள். வயர் முனையின் வாய்க்குள்ளும் ஒரு முறை வாருங்கள். அதை எல்லாரும் மறப்பார்கள்.

ஊக்கும் தையல் ஊசியும் கூடவே கூடாது. பின்னுக்குப் பின் தூரம் அரை மில்லிமீட்டர். சிசிக்கு அடுத்த வீடே மின்சாரப் பின். ஊசி ஒரு கீறல் போட்டு முலாமை உரித்தாலோ பின்னை வளைத்தாலோ, அதன் பிறகு கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம். பஞ்சர் கடைக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வரும். பிசுபிசுப்பு இருந்தால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பெயிண்ட் பிரஷில் தொட்டு, உதறிவிட்டுத் துடைத்து, அரை மணி நேரம் காய விடுங்கள். கை கழுவும் சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. அது வேறு வினை.

குற்றாலத்தில் நனைந்த போனுக்கும் உவரிக் கடலில் நனைந்ததற்கும் வித்தியாசம் உண்டு. உப்பு ஈரத்தோடு சார்ஜ் போட்டால் ஓட்டைக்குள் மின்னாற்பகுப்பே நடக்கும்: நேர்மின் பின்னின் உலோகம் கரைந்து பச்சையும் கறுப்புமாகப் பூக்கும். போன் ‘ஈரம் இருக்கிறது’ என்று எச்சரித்தால் பொய் சொல்லவில்லை. ஓட்டையைக் கீழே பார்த்துப் பிடித்து உள்ளங்கையில் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். கடல் தண்ணீர் என்றால் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே நிற்கும். ஆல்கஹால் பிரஷ் போடாமல் சார்ஜ் தொடாதீர்கள். தயவுசெய்து அரிசிப் பானை வேண்டாம். அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்பது நம்பிக்கைதானே தவிர, பானைக்குள் காற்றோட்டமே இல்லாததால் காய்வது தாமதமாகும். அரிசித் துகள் உள்ளே போய்க் கேடு செய்யலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் சொல்லிவிட்டது.

எல்லாம் செய்தும் ஒரு பக்கம் மட்டும் ஏறவில்லை, டார்ச் வெளிச்சத்தில் நாக்கில் ஒரு பின் கறுத்தோ பச்சை பூத்தோ தெரிகிறது என்றால் அது மாற்ற வேண்டியதுதான். பல போன்களில் சார்ஜிங் ஓட்டை தனிச் சின்னப் பலகையில், சப் போர்டில் இருக்கும். கடையில் “பின் மட்டும் மாத்துறீங்களா, சப் போர்டு மாத்துறீங்களா?” என்று கேளுங்கள். சப் போர்டு என்றால் கழற்றி மாட்டும் வேலை. பின் மட்டும் என்றால் சூடான காற்றில் அத்தனை கால்களையும் பற்றவைக்கும் வேலை, கை சுத்தமானவரிடம் கொடுக்க வேண்டியது.