ராகிங் புகார் வந்தால் கல்லூரி என்ன செய்தாக வேண்டும்?

பக்கத்து வீட்டு அக்காவின் மகன் ஹாஸ்டலில் சேர்ந்த மூன்றாவது வாரம் ஊருக்கு வந்திருந்தான். வலது கை நடுவிரலில், பேனா அழுத்துகிற இடத்தில், தோல் தடித்துச் சிவந்திருந்தது. "இவ்வளவு எழுதறியா தம்பி?" என்று கேட்டதற்கு முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான். எழுதியது அவனுடையது இல்லை, மூன்று சீனியர்களின் ரெக்கார்டு நோட்டு. ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி நோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போவார்களாம், விடிந்ததும் வந்து வாங்கிக்கொள்வார்களாம். "அடிக்கலயே, எழுதத்தானே சொல்றாங்க. இதைப் போய் ராகிங்னு சொன்னா சிரிப்பாங்க" என்றான்.

யாரும் சிரிக்க முடியாது. அவன் சொன்னது அப்படியே விதியில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2009-ல் கொண்டுவந்த ராகிங் தடுப்பு விதிகள், ஒருவருக்குக் கொடுத்த பாட வேலையை ஜூனியரைக் கொண்டு செய்ய வைப்பதையே ராகிங் என்று சொல்கின்றன. பணம் பிடுங்குவதும் டீ, பிரியாணி என்று வலுக்கட்டாயமாகச் செலவு வைப்பதும் அதே வரிசையில் வருகின்றன. வாய்வார்த்தையால், மின்னஞ்சலால், எல்லோர் முன்னாலும் வைத்து அவமானப்படுத்துவதும் ராகிங்தான். ஒரு மாணவர் வழக்கமாகச் செய்யாத, செய்யக் கூசுகிற ஒன்றைச் செய்யச் சொல்வதும், மனநலத்தையும் தன்னம்பிக்கையையும் குலைக்கும் எந்தச் செயலும் ராகிங். அடி விழுந்திருக்க வேண்டும், ரத்தம் வந்திருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. "சட்டை மூணாவது பட்டனைப் பார்த்துப் பேசு", "நின்னு இன்ட்ரோ குடு" என்பதெல்லாம் சும்மா விளையாட்டு என்று நினைக்கிற பெற்றோர்கள் இந்த வரையறையை ஒரு தடவையாவது படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனிச் சட்டமே உண்டு. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். மாநிலமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997 வந்தது. அந்தக் கொலை வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தபோது ஆண்டு 2011.

சட்டம் சின்னதுதான், சில பிரிவுகளே. ராகிங் செய்தவர், கூட நின்றவர், தூண்டிவிட்டவர் யாராக இருந்தாலும் இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டிக்கப்பட்டால் கல்லூரியிலிருந்து நீக்கம். கல்லூரிக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் சட்டம் பொருந்தும். பஸ்ஸிலோ, வெளியே எடுத்திருக்கிற வாடகை அறையிலோ நடந்தது என்பதால் யாரும் கைகழுவிவிட முடியாது.

என்னைக் கேட்டால், இந்தச் சட்டத்தின் உயிர் 6, 7 ஆகிய இரண்டு பிரிவுகளில்தான் இருக்கிறது. மாணவர் புகார் சொன்னால் கல்லூரித் தலைவரோ நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரோ உடனே விசாரிக்க வேண்டும். உண்மை என்று தெரிந்தால் செய்தவரை இடைநீக்கம் செய்ய வேண்டும். இது ஆறாவது பிரிவு. அப்படிச் செய்யத் தவறினால், அலட்சியமாக விட்டால், அவரே அந்த ராகிங்குக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்படுவார், அதே தண்டனை அவருக்கும் உண்டு என்கிறது ஏழாவது பிரிவு. "பசங்கன்னா அப்படித்தான், நாங்க பேசிக்கிறோம்" என்று சொல்லி அனுப்புகிற முதல்வர் தன்னையே மாட்டிக்கொள்கிறார். பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியாது. தெரியாததால்தான் முதல்வர் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, உதவி கேட்பவர்களைப் போல நிற்கிறார்கள்.

யுஜிசி விதிகள் இதற்கு மேலும் போகின்றன. அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் ராகிங்கால் இறந்தார். அதற்கு முன்பே உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் முன்னாள் சிபிஐ இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில் ஒரு குழு அமைந்து, 2007-ல் அறிக்கையும் கொடுத்திருந்தது. அந்த அறிக்கையும் இந்த மரணமும் சேர்ந்துதான் இன்றைய விதிகளுக்கு வழிவிட்டன. புகார் வந்ததும் அது குற்றவியல் சட்டத்துக்குள் வருகிறதா என்று கல்லூரித் தலைவர் உடனே பார்க்க வேண்டும். வருகிறது என்றால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் போட வைக்க வேண்டும். போலீஸ் விசாரணை முடியட்டும் என்று கல்லூரி காத்திருக்கக் கூடாது. தன் விசாரணையையும் நடவடிக்கையையும் ஏழு நாளுக்குள் முடித்தாக வேண்டும்.

தண்டனைகள் பல படியாக உண்டு. வகுப்பிலிருந்து இடைநீக்கம், உதவித்தொகை நிறுத்தம், தேர்வு எழுதத் தடை, ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றம் என்று தொடங்கி, சேர்க்கை ரத்து வரைக்கும் போகும். செய்தது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கூட்டாகத் தண்டிக்கவும் இடமுண்டு. இந்தக் கடைசி விஷயம் மட்டும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சம்பந்தமில்லாத பிள்ளையும் அதில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

சரி, எதுவும் நடப்பதற்கு முன்னால்? சேரும்போதும் ஒவ்வோர் ஆண்டும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் அது படிக்காமலே கையெழுத்தாகிறது. ராகிங் தடுப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். தடுப்புப் படை ஒன்று ஹாஸ்டலில் திடீர் சோதனை செய்ய வேண்டும். முதலாண்டு மாணவர் ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, முதலாண்டு மாணவர்களிடம் பெயர் இல்லாத கருத்துக்கணிப்பு நடத்த வேண்டும். இது ரொம்ப நல்ல ஏற்பாடு. வாய் திறக்கப் பயப்படுகிற பிள்ளை பேர் போடாத தாளில் எழுதிவிடும். உங்கள் பிள்ளையிடம் "இந்த மாசம் அப்படி ஒரு தாள் குடுத்தாங்களா?" என்று கேளுங்கள்.

2016-ல் வந்த திருத்தம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சாதி, மதம், நிறம், பாலினம், தோற்றம், மொழி, பிறந்த ஊர், பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரை வதைப்பதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங் ஆயிற்று. மெஸ்ஸில் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போவது போன்ற, சத்தமே இல்லாத ஒதுக்கலும் இதில் அடங்கும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவரைச் சாதியை வைத்து மற்றவர்கள் இழிவுபடுத்தினால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் புகார் கொடுக்கலாம்.

எங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அக்காவும் நானும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் புகார் எழுதினோம். என்ன தேதி, எத்தனை மணி, எந்த அறை, என்ன சொன்னார்கள். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சீனியர் பெயர் எழுதியிருந்த ரெக்கார்டு நோட்டின் பக்கங்களை, அவன் கையெழுத்து தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வைத்திருந்தான். அலுவலகத்தில் இருந்தவர், "வாயால சொன்னா போதாதாம்மா, லெட்டர் எதுக்கு?" என்றார். அக்கா இரண்டாவது பிரதியை நீட்டி, "இதுல சீல் போட்டு, தேதி போட்டுக் குடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தேதியிலிருந்துதான் ஏழு நாளை நாம் எண்ண முடியும். வாயால் சொன்ன புகாருக்குத் தேதி கிடையாது.

"படிப்பு கெட்டுப் போயிடுமோ" என்ற பயம் இருக்கத்தான் செய்யும். புகார் சொன்னவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும், சொன்னதற்காக அவருக்கு எந்தப் பாதகமும் வரக் கூடாது என்றும் விதி இருக்கிறது. கல்லூரிக்குள் சொல்லவே முடியாத நிலை என்றால் யுஜிசியின் கட்டணமில்லா எண் 1800-180-5522, நாள் முழுக்க வேலை செய்யும். அங்கே போகிற செய்தி கல்லூரித் தலைவர், வார்டன், மாவட்ட அதிகாரிகள் என்று ஒரே நேரத்தில் பலருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. கல்லூரி நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் நேரே காவல் நிலையத்துக்கும் போகலாம்.

முதலாண்டு மாணவர் பலருக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும். சட்டத்தின் கண்ணில் அவர் குழந்தை. ஆகவே சிறார் உதவி எண் 1098 அவருக்கும் உண்டு. பாலியல் ரீதியாக எதுவும் நடந்திருந்தால் போக்சோ சட்டம் வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு 1098-உடன் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417-ம் இருக்கிறது. இரண்டு எண்ணையும் பிள்ளையின் போனில் மட்டும் பதிந்து வைக்காமல், பையில் இருக்கிற நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதிவிடுங்கள். ராகிங் செய்கிறவர்கள் முதலில் பிடுங்குவது போனைத்தான்.