விசிறியா, வெறியரா, ரசிகரா: ‘ஃபேன்’ என்ற சொல்லும் ரஷ் இசைக்குழுவும்

‘நான் அவருடைய தீவிர விசிறி’ என்று எழுதுகிற பழக்கம் தமிழில் எப்படியோ வேரூன்றிவிட்டது. பிரியமாகத்தான் எழுதுகிறார்கள், அந்தப் பிரியம் எனக்கும் புரிகிறது, ஆனால் சொல் தவறு. ஆங்கிலத்தில் ‘ஃபேன்’ என்று ஒலிக்கிற சொற்கள் இரண்டு. காற்று வீசுகிற ஃபேன், லத்தீனில் ‘வன்னுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வன்னுஸ் என்றால் தானியம் தூற்றுகிற கூடை, நம் வீட்டு முறம் அல்லது சுளகு மாதிரி. ஆளைக் குறிக்கிற ஃபேனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது ‘ஃபனாட்டிக்’ என்ற சொல்லின் குறுக்கம். 1880களில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் பார்க்க வந்து தொண்டை வறளக் கத்துகிற கூட்டத்தைக் குறிக்கப் பரவியது. ஒலி ஒன்றாக இருந்ததால் நாம் ஆளை விட்டுவிட்டு விசிறியைப் பிடித்துக்கொண்டோம்.

சரி, அந்த ஃபனாட்டிக் எங்கிருந்து வந்தது? லத்தீனில் ‘ஃபானும்’ என்றால் கோயில். ‘ஃபனாட்டிகுஸ்’ என்றால் கோயிலைச் சேர்ந்தவன், தெய்வம் ஏறியவன். ரோமில் பெல்லோனா என்ற போர்த்தெய்வத்தின் பூசாரிகள் ஆவேசம் வந்து தங்கள் கைகளையே கீறிக்கொண்டு ஆடினார்கள், அவர்களை இந்தச் சொல்லால் அழைத்தார்கள். இதைப் படித்ததும் தமிழ் படித்தவருக்கு உடனே ஒன்று நினைவுக்கு வரும். வெறியாட்டு. முருகன் பூசாரியான வேலன், முருகு ஏறி ஆடுவது. தொல்காப்பியம் ‘வெறியறி சிறப்பின் வெவ்வாய் வேலன்’ என்றே சொல்கிறது. அங்கே வெறி என்பது வசை கிடையாது, தெய்வம் ஏறிய நிலை. ஆக, வேரை மட்டும் பார்த்தால் ஃபேனுக்கு மிக நெருக்கமான தமிழ்ச்சொல் ‘வெறியர்’தான். ரோமின் கோயிலிலும் முருகன் களத்திலும் ஒரே மாதிரி அனுபவத்துக்கு இரண்டு மொழிகளும் பெயர் வைத்திருக்கின்றன.

ஆனால் சொல்லுக்கு வேர் மட்டும் போதாதே. இன்றைக்கு வெறி என்றால் சாதிவெறி, மதவெறி, கொலைவெறி என்றுதான் காதில் விழுகிறது. ஆங்கிலத்திலும் ஃபனாட்டிக் அதே பள்ளத்தில்தான் விழுந்தது, அதன் குறுக்கமான ஃபேன் மட்டும் தப்பித்து நல்ல பெயரோடு வாழ்கிறது. தமிழில் அப்படித் தப்பித்த குட்டிச் சொல் எதுவும் இல்லை. பேச்சில் ‘பைத்தியம்’ என்கிறோம், ‘அவன் ஒரு கிரிக்கெட் பைத்தியம்’ என்றால் அதில் செல்லம்தான் இருக்கிறது, ஆனாலும் கட்டுரையில் எழுத அது உதவாது. ‘அபிமானி’ என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். அழகான சொல்தான், இப்போது ‘அபிமான நட்சத்திரம்’ என்ற தொடரோடு நின்றுவிட்டது.

நான் இந்தச் சொல்லைத் துருவ ஆரம்பித்ததற்குக் காரணம் கனடாவின் ரஷ் இசைக்குழு. 1968இல் டொராண்டோவில் தொடங்கியது. பாடியவரும் பேஸ் கித்தார் வாசித்தவரும் கெடி லீ, கித்தார் அலெக்ஸ் லைஃப்சன், 1974 ஜூலையில் டிரம்ஸுக்கு வந்து சேர்ந்தவர் நீல் பீர்ட், பாடல் வரிகளில் பெரும்பகுதியும் அவருடையது. பீர்ட் என்றுதான் சொல்ல வேண்டும். ‘பெர்ட்’ என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் இருக்கிற ரசிகர் கண்டிப்பாகத் திருத்துவார். இவர்களுடைய இசைவகையை ப்ராக்ரஸிவ் ராக் என்பார்கள். இதைச் சிலர் ‘முற்போக்கு ராக்’ என்று எழுதுகிறார்கள், அதுவும் சரியில்லை. தமிழில் முற்போக்கு என்றால் அரசியல் நிலைப்பாடு. இங்கே பேச்சு இசை வடிவத்தைப் பற்றியது: 3 நிமிடப் பாட்டு என்ற வேலியைத் தாண்டி, நீண்ட பகுதிகள், மாறிக்கொண்டே இருக்கிற தாளக்கட்டு, கதை சொல்கிற தொகுப்பு என்று ராக்கை விரித்த முயற்சி. ‘விரிநடை ராக்’ என்று வேண்டுமானால் சொல்லிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ப்ராக் ராக் என்றே எழுதிவிட்டுப் போகலாம், குடி முழுகிவிடாது.

ரஷ் ரசிகர்களுக்கும் கோயிலுக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதுவும் தலைகீழாக. 1975இல் வந்த அவர்களுடைய மூன்றாவது தொகுப்பு விற்கவில்லை. கூட்டம் குறைந்து, அந்தச் சுற்றுப்பயணத்துக்கு அவர்களே ‘எல்லாம் போச்சு’ என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். சின்னச் சின்னப் பாட்டாகக் கொடுங்கள், வானொலியில் போடுகிற மாதிரி கொடுங்கள் என்று இசைத்தட்டு நிறுவனம் நெருக்கியது. அவர்கள் 1976இல் ‘2112’ என்ற தொகுப்பைக் கொடுத்தார்கள், அந்த இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 20 நிமிடம். கதை இதுதான்: 2112ஆம் ஆண்டில் எல்லாமே கோயில் பூசாரிகளின் ஆட்சி, எதைக் கேட்பது எதைப் படிப்பது என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள். ஒருவன் அருவிக்குப் பின்னால் ஒரு குகையில் பழைய கித்தாரைக் கண்டெடுக்கிறான். அது என்னவென்றே தெரியாமல் கம்பியைத் தட்டிப் பார்த்து, முறுக்கிப் பார்த்து, மெல்ல மெல்ல ஒலியைச் சேர்க்கிறான். பாட்டில் அந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள், கித்தாரைச் சுருதி சேர்க்கிற ஓசையிலிருந்தே இசை பிறந்து வரும். அவன் ஓடிப்போய்ப் பூசாரிகளிடம் காட்டுகிறான். அவர்கள் அதைக் காலில் போட்டு நொறுக்கிவிடுகிறார்கள். ஃபனாட்டிகுஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு உரியவர்கள் அந்தப் பூசாரிகள். கம்பியைத் தட்டி மகிழ்ந்தானே, அவன் வேறு இனம். அந்த வேறு இனத்துக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். தொகுப்பு பின்னாளில் அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகளுக்கான விற்பனைச் சான்று பெற்றது.

அந்தச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ரசிகர். ரசம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ரசம் என்றால் சாறு, பிறகு சுவை, பிறகு கலையில் கிடைக்கிற சுவை. நாம் சோற்றில் ஊற்றிக்கொள்கிற ரசமும் ரசிகரும் ஒரே வேர். வடசொல் வேண்டாம் என்பவர்களுக்குச் ‘சுவைஞர்’ இருக்கிறது, கலைஞர், கவிஞர் மாதிரி கட்டிய சொல், இலக்கணமாக இருக்கிறது, எழுத்தில் தயங்காமல் பயன்படுத்தலாம். தமிழுக்குக் கலையைச் சுவையாகப் பார்ப்பது புதிதில்லை, தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் முழுக்க அதைத்தான் பேசுகிறது. ஃபேனில் இருப்பது ஆவேசம், ரசிகரில் இருப்பது நாக்கு. இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

இது ஏன் ரஷ் கூட்டத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது என்பதற்கு ஓர் இரவைச் சொல்கிறேன். 2002 நவம்பர் 23, பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ, மரக்கானா விளையாட்டரங்கம், சுமார் 40,000 பேர். ரஷ் அந்த நாட்டுக்குப் போனது அதுவே முதல் பயணம். மழையால் லாரிகள் தாமதமாக வந்து, ஒலியைச் சரிபார்க்கக்கூட நேரமில்லாமல் மேடை ஏறினார்கள். ‘வை வை ஸெட்’ என்று ஒரு உருப்படி, 1981இல் வந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ தொகுப்பில் இருப்பது. அதில் ஒரு சொல்கூடக் கிடையாது, வெறும் கருவியிசை. அதன் தலைப்பு டொராண்டோ விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு, தொடக்கத் தாளம் அந்த மூன்றெழுத்தின் மோர்ஸ் குறியீடு, அதாவது கோடும் புள்ளியுமாகத் தந்தி அடிக்கிற குறியீடு. அதில் கோடு நெடில் என்றும் புள்ளி குறில் என்றும் வைத்துக்கொண்டால் இப்படி வரும்: தா த தா தா, தா த தா தா, தா தா த த. நெடிலுக்கு 2 மாத்திரை, குறிலுக்கு 1 என்று நம் இலக்கணப்படியே எண்ணிப் பாருங்கள், 7, 7, 6, மொத்தம் 20. அந்த உருப்படியின் தொடக்கத்தில் ஒரு ஆவர்த்தம் சரியாக அவ்வளவுதான், 5 அடி, அடிக்கு 4. விமானி தொலைவிலிருந்து தன் ஊரின் குறியீட்டைக் கேட்பது வீடு வந்துவிட்டது என்று கேட்பதுதான், அதையே தாளமாக்கியிருக்கிறார்கள்.

இந்தச் சொல்லில்லாத உருப்படியை அன்று இரவு அந்தக் கூட்டம் பாடியது. கித்தாரின் ஒவ்வொரு சங்கதியையும் ‘ஓ’ என்ற ஒரே ஒலியில் பிடித்துக்கொண்டு, ஒரே சமயத்தில் குதித்துக்கொண்டு, திரும்புகிற இடத்தில் சரியாகத் திரும்பிப் பாடினார்கள். போர்த்துக்கீசியம் பேசுகிறவர்கள், ஆங்கில வரி தெரிய வேண்டிய அவசியமே இல்லாத இடம். அந்தப் பதிவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை, ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். இது ஆவேசம் மட்டும் இல்லை. ஆவேசம் வந்தவன் கத்துவான், சங்கதி சங்கதியாகப் பாட முடியாது. சபாவில் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுகிற நம்மூர்ப் பெரியவரும், ‘டாம் சாயர்’ பாட்டில் டிரம்ஸ் உருள்கிற இடத்தில் காற்றிலேயே கைகளை வீசி ஒரு அடிகூடத் தவறாமல் வாசிக்கிற ரஷ் ரசிகரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். இருவருக்கும் ரசிகர் என்ற ஒரே பெயர் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இன்னொரு சொல்லையும் சொல்லிவிட வேண்டும்: நேயர். வானொலிக்காரர்கள் ‘அன்பு நேயர்களே’ என்று அழைத்து அழைத்து நமக்குக் கேட்பவர் என்ற பொருளில் பழகிப்போன சொல். வேரில் அது நேயம், அன்பு, நட்பு. கேட்பவரை நண்பர் என்றே அழைக்கிற சொல். ரஷ் ரசிகர்களுக்கு இதையே வைத்துவிடலாம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், நீல் பீர்ட் குறுக்கே நிற்கிறார். ‘லைம்லைட்’ பாட்டில் அவர் எழுதினார், முன்பின் தெரியாத ஒருவரை நெடுநாள் காத்திருந்த நண்பர் என்று பாசாங்கு செய்ய என்னால் ஆகாது என்று. சும்மா எழுதவில்லை, அப்படியே வாழ்ந்தார். ரசிகர்களைச் சந்திக்கிற வேலையை மற்ற இருவரும் பார்த்துக்கொள்ள, இவர் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அதற்காக யாரும் அவரை வெறுக்கவில்லை. அந்தப் பாட்டையே அரங்கம் முழுக்கச் சேர்ந்து பாடினார்கள், நான் உங்கள் நண்பன் இல்லை என்கிற பாட்டை.

1997 ஆகஸ்டில் அவருடைய மகள் செலீனா கார் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் மனைவி ஜாக்கியும் புற்றுநோயில் போய்விட்டார். என்னை ஓய்வுபெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு, அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தார். 1997 ஜூலைக்கும் 2002 ஜூனுக்கும் இடையில் ரஷ்ஷின் ஒரு கச்சேரிகூட இல்லை. அந்த ஐந்தாண்டும் காத்திருந்தவர்களுக்கு ரசிகர் என்ற சொல் போதுமா என்று கேட்டால், போதாது. சுவைப்பவர் தட்டு காலியானால் எழுந்து போகலாம். இவர்கள் போகவில்லை. ‘பற்றாளர்’ என்ற சொல்லை இங்கே பயன்படுத்தலாம், பற்றுக்குத் தமிழில் விடாமல் பிடித்திருத்தல் என்ற பொருள் இருக்கிறது. தனியாகச் சொன்னால் கட்சிக்காரர் மாதிரி ஒலிக்கும், ‘ரஷ்ஷின் நெடுநாள் பற்றாளர்’ என்றால் சரியாக உட்காருகிறது.

ராக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கிற அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் இவர்களை ஆண்டுக்கணக்காக வெளியே நிறுத்தியது. முதன்முதலாகப் பொதுமக்களும் வாக்களிக்கலாம் என்று திறந்துவிட்ட ஆண்டில் ரஷ்தான் அந்த வாக்கில் முதலிடம். 2013இல் நடந்த விழாவில் ஃபூ ஃபைட்டர்ஸ் இசைக்குழுவின் டேவ் க்ரோலும் டெய்லர் ஹாக்கின்ஸும், தாங்களே பெரிய ராக் நட்சத்திரங்கள், நீள விக்கும் வெள்ளைக் கிமோனோவும் மாட்டிக்கொண்டு ‘2112’ தொகுப்பு வந்த காலத்து ரஷ்ஷாக வேடமிட்டு அந்தத் தொகுப்பின் தொடக்கத்தை வாசித்தார்கள். ரசிகர் என்ற சொல்லுக்குப் படம் போட்டுக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன்.

2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் கடைசிக் கச்சேரி. 2020 ஜனவரி 7இல் மூளைப் புற்றுநோயால் பீர்ட் இறந்தார், நோயை மூன்று ஆண்டுகளுக்கு மேல் நெருங்கியவர்கள் வெளியே விடாமல் காத்தார்கள். 2025 அக்டோபரில் லீயும் லைஃப்சனும் ஜெர்மனியின் ஆனிகா நிலஸை டிரம்ஸில் அமர்த்தி 2026இல் மறுபடி மேடையேறுவதாக அறிவித்தார்கள், தொடக்கம் அதே ஃபோரம் அரங்கில்.

எழுதுகிறவர்கள் வசதிக்கு: ஃபேன் என்றால் ரசிகர், தனித்தமிழில் சுவைஞர். ஃபேன் கிளப் என்றால் ரசிகர் மன்றம், அது ஏற்கெனவே ஊர் முழுக்கப் பலகையில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் கூடவே வந்தவர் என்றால் நெடுநாள் பற்றாளர். விசிறியை மின்சாரம் போன வீட்டுக்கு விட்டுவிடலாம்.